ஃப்ரீ டிஷ்ஷில் ஓடும் மேட்ச் நம் கேபிளில் ஏன் வருவதில்லை?

கேள்வி: தேனி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் 640 இணைப்புகளோடு கேபிள் நடத்துகிறேன். இந்தியா ஆடும் ஒருநாள், டி20 மேட்ச் என்றாலே எனக்குத் தலைவலிதான். “பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச் ஓடுகிறது. உங்கள் கேபிளில் அதே சேனலில் வேறு எதையோ போடுகிறீர்களே” என்று சண்டைக்கு வருகிறார்கள். 2023 வெஸ்ட் இண்டீஸ் தொடர் பொதிகையிலேயே வந்ததே, இப்போது மட்டும் ஏன் மறைக்கிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். ஃப்ரீ டிஷ் பாக்ஸைக் கன்ட்ரோல் ரூமில் வைத்து லோக்கல் சேனலில் ஏற்றிவிடலாம் என்கிறார் ஒரு டெக்னீஷியன். செய்யலாமா? பொங்கலுக்கு எங்கள் ஊர் கபடிப் போட்டியை லோக்கல் சேனலிலும் யூடியூபிலும் நேரலையாகத் தர விழாக் குழு வாய்ச்சொல்லாகச் சம்மதித்திருக்கிறது. அது போதுமா? உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஊர் மைதானத்தில் திரை கட்டிக் காட்டலாமா?

பதில்: வணக்கம். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். தென்னந்தோப்பில் காய்க்குக் குத்தகை எடுத்தவர் கீற்றை வெட்ட முடியாது. கீற்றுக்கு எடுத்தவர் பாளையைத் தொட முடியாது. மரம் ஒன்றுதான், குத்தகை வேறு வேறு. மேட்ச் ஒளிபரப்பு உரிமையும் இப்படித்தான் கூறு போட்டு விற்கப்படுகிறது. 2022-ல் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 2023 முதல் 2027 வரையிலான 410 ஆட்டங்களுக்கு டிவி உரிமை ஆட்டத்துக்கு ரூ. 57.5 கோடி வீதம் ரூ. 23,575 கோடிக்கு ஒரு நிறுவனத்துக்குப் போனது. அதே 410 ஆட்டங்களை இணையத்தில் காட்டும் உரிமை ஆட்டத்துக்கு ரூ. 50 கோடி வீதம் ரூ. 20,500 கோடிக்கு வேறொரு நிறுவனத்துக்குப் போனது. அந்த இரண்டு நிறுவனங்களும் 2024 நவம்பரில் ஒன்றாகிவிட்டன என்பது பிறகு நடந்த கதை. விற்றபோது டிவி வாங்கியவர் மொபைலில் காட்ட முடியாது, மொபைல் வாங்கியவர் டிவியில் காட்ட முடியாது. ஆகவே ஒரு மேட்ச் உங்கள் முன்னால் வந்தால் “இது யாருடையது?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எந்த வழியாகக் கொண்டுபோக யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?” என்று கேளுங்கள்.

இப்போது டிடி விவகாரத்துக்கு வருவோம். விளையாட்டு ஒளிபரப்பு சிக்னல்களை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் கட்டாயமாகப் பகிர்வதற்கென்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று மத்திய அரசு அறிவித்த ஒரு போட்டியைத் தனியார் சேனல் நேரலையாகக் காட்டினால், தன் விளம்பரங்களை நீக்கிய சிக்னலை அதே நேரத்தில் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. அந்த ஒளிபரப்பில் வரும் விளம்பர வருமானத்தில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் உரிமையாளருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. இதில் கவனிக்க வேண்டிய சொற்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சிக்னலைப் பிரசார் பாரதி மறு ஒளிபரப்பு செய்ய வேண்டியது “தன்னுடைய” தரைவழி (வீட்டு ஆன்டெனாவுக்கு வரும்) வலையமைப்பிலும், “தன்னுடைய” டி.டி.எச். (வீட்டு டிஷ்ஷுக்கு நேராக வரும்) வலையமைப்பான ஃப்ரீ டிஷ்ஷிலும்.

கேபிள் சட்டமோ அதற்கு முந்தையது, 1995-ல் வந்தது. அதன் 8-ஆம் பிரிவுப்படி அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் சேனல்களை எல்லா கேபிள்காரர்களும் கட்டாயம் தர வேண்டும். இரண்டு சட்டமும் சேர்ந்ததில் என்ன ஆயிற்று? டிடிக்குப் போன மேட்ச் சிக்னல், கட்டாயச் சேனல் என்ற வழியில் கேபிளிலும் தனியார் டி.டி.எச்.சிலும் இலவசமாக ஓடியது. காசு கொடுத்து உரிமை வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். கட்டணச் சேனல் எடுக்கக்கூடிய வீட்டுக்கே அதே மேட்ச் டிடி பெயரில் சும்மா போனால் எங்கள் சேனலை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் வாதம். 2015 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பகிர்ந்து பெற்ற சிக்னல் பிரசார் பாரதியின் சொந்தத் தரைவழிக்கும் சொந்த டி.டி.எச்.சுக்கும் மட்டுமே, கேபிளுக்குப் போகக் கூடாது என்று தீர்ப்பானது. தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டதால், நடைமுறையில் அது ஃப்ரீ டிஷ் வீடுகளுக்குத்தான் பயன்படுகிறது.

அதனால்தான் மேட்ச் நேரத்தில் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒன்றும் கேபிளுக்கு இன்னொன்றும் தருகிறது. உங்களுக்குச் சிக்னல் தரும் பெரிய கேபிள் நிறுவனமான எம்.எஸ்.ஓ.வோ நீங்களோ எதையும் மறைக்கவில்லை. இதைச் சந்தாதாரரிடம் நிமிர்ந்து சொல்லலாம்.

2023 கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த வெஸ்ட் இண்டீஸ் தொடரில் டிவி உரிமையையே பிரசார் பாரதி பெற்றிருந்தது. சட்டப்படி பகிர்ந்து வாங்கிய சிக்னல் அல்ல அது, அவர்களுடைய சொந்தக் குத்தகை. அதனால் கேபிளிலும் வந்தது, பொதிகையில் தமிழ் வர்ணனையோடும் வந்தது. (பொதிகை 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ்.) தொடருக்குத் தொடர் நிலைமை மாறும் என்பதால் “டிடியில் வரும்”, “டிடியில் வராது” என்று ஒரேயடியாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அறிவிக்கப்பட்ட பட்டியலில் இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்கள், உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி, ஒலிம்பிக், ஆசியப் போட்டி, காமன்வெல்த் போட்டி போன்றவை உண்டு. ஐ.பி.எல். அதில் கிடையாது. “டிடியில் ஐ.பி.எல். ஏன் வரவில்லை” என்று கேட்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

வாய்ச் சண்டையை நிறுத்த ஒரு வழி சொல்கிறேன். கலெக்‌ஷனுக்குப் போகும் பையன் கையில் அரைப் பக்கத் துண்டுச் சீட்டு அடித்துக் கொடுங்கள். “2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, தூர்தர்ஷன் பகிர்ந்து பெறும் கிரிக்கெட் நேரலை கேபிளில் வராது. இந்தத் தொடர் வரும் கட்டணச் சேனல் இது, தனி விலை இவ்வளவு” என்று சேனல் பெயர், எண், மாத விலையோடு எழுதுங்கள். தனி விலையைத்தான் எழுத வேண்டும். ஒரு சேனலைத் தனியாகக் கேட்பவரிடம் தொகுப்பை எடுத்தால்தான் உண்டு என்று சொல்ல, கேபிள் கட்டண விதிகளை வகுக்கும் ஆணையமான டிராயின் விதியில் இடமில்லை. தனி விலை ரூ. 19-க்கு மேல் போனால் அந்தச் சேனலைத் தொகுப்பில் சேர்க்கவும் முடியாது. அப்படிப்பட்ட விளையாட்டுச் சேனல் எத்தனை தொகுப்பு எடுத்தாலும் வராது, தனியாகத்தான் ஏற்ற வேண்டும். டாஸ் போடும் நேரத்தில் 50 பேர் போன் செய்தால் எந்த ஆபரேட்டராலும் சமாளிக்க முடியாது. முதல் நாள் மாலைக்குள் பெயர் கொடுக்கச் சொல்லி, ஆக்டிவேஷனை முடித்துவிடுங்கள்.

அடுத்து அந்த டெக்னீஷியனின் யோசனை. செய்யாதீர்கள். ஃப்ரீ டிஷ் இலவசம்தானே என்பது அவர் நினைப்பு. பார்க்கிறவருக்குத்தான் அது இலவசம், எடுத்து மறு ஒளிபரப்பு செய்கிறவருக்கு இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 37-ஆம் பிரிவு ஒளிபரப்புக்கென்றே ஒரு தனி உரிமையை 25 ஆண்டுக்குத் தருகிறது. அனுமதியில்லாமல் மறு ஒளிபரப்பு செய்தால் அந்த உரிமையை மீறியதாகும். தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதம். நாம் சின்ன ஊர், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். பெயர் தெரியாத பிரதிவாதிகள் மீதும் தடை வாங்கும் வழக்கம் இந்தியாவில் தொடங்கியதே கேபிள்காரர்களை வைத்துத்தான். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, உரிமம் இல்லாமல் டென் ஸ்போர்ட்ஸை ஓட்டிய ஆபரேட்டர்கள் மீது டெல்லி உயர் நீதிமன்றம் அப்படி ஒரு ஆணை பிறப்பித்தது. இன்று பெரிய தொடர் ஒவ்வொன்றுக்கும் முன்பே உரிமையாளர்கள் இப்படி ஆணை வாங்கிக்கொண்டுதான் களம் இறங்குகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கட்டணச் சேனல் பாக்ஸிலிருந்து எடுத்தால் திரையில் சில நொடி ஒரு எண் மின்னி மறையும், ஒவ்வொரு முறையும் வேறு மூலையில். நாம் ‘ஃபிங்கர் பிரின்ட்’ என்கிறோமே, அதுதான். அந்த எண் எந்த பாக்ஸ், எந்தக் கணக்கு, எந்த ஆபரேட்டர் என்று நேராகக் காட்டிக்கொடுத்துவிடும். ஃப்ரீ டிஷ்ஷில் எடுத்தால் அந்த எண் வராது என்று டெக்னீஷியன் சொல்லக்கூடும். உங்கள் லோக்கல் சேனலின் கீழ் ஓரத்தில் ஓடும் எழுத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் நகைக்கடை, கடைவீதி முகவரி, பத்து இலக்க போன் நம்பர். மேலே டிடி லோகோவோடு மேட்ச், கீழே இந்த வரி. ஒரு செல்போன் படம் போதும், ஊரும் ஆளும் தெரிந்துவிடும். கேபிள் சட்டம் 11-ஆம் பிரிவில் கருவிகளைக் கைப்பற்றும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் கோட்ட அளவிலான நடுவருக்கும் உண்டு. அதற்கு முன்பே ஒளிபரப்பாளர் எம்.எஸ்.ஓ.வை நெருக்க, எம்.எஸ்.ஓ. உங்கள் ஃபீடை நிறுத்தினால் 640 வீடும் ஒரே நாளில் இருட்டாகிவிடும். இதே காரணத்துக்காகக் கட்டணச் சேனலின் படத்தின் மேல் உங்கள் விளம்பர வரியை ஓட்டுவதையும் தவிர்க்கவேண்டும். அது பலர் சாதாரணமாகச் செய்யும் தவறு.

கபடிக்கு வருவோம். இதில்தான் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, மனதார வரவேற்கிறேன். எந்தப் பெரிய சேனலும் உங்கள் ஊர் கபடியைத் தேடி வரப்போவதில்லை. உங்கள் சந்தாதாரர்கள் கேபிளை வெட்டாமல் வைத்திருக்க இப்படிப்பட்ட நேரலையைவிட உறுதியான காரணம் குறைவு.

முதலில் உங்கள் சொந்தக் காகிதங்கள். 2025 ஜனவரி 17 முதல் எல்.சி.ஓ. (உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்) பதிவு தபால் நிலையத்தில் இல்லை. ‘பிராட்காஸ்ட் சேவா’ இணையதளத்தில் ரூ. 5,000 கட்டி 5 ஆண்டுக்குப் பெற வேண்டும். பழைய சான்றிதழின் காலம் எதுவரை என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அடுத்து லோக்கல் சேனல். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இவை ‘பிளாட்பார்ம் சர்வீஸ்’. சேனல் ஒன்றுக்கு ஒருமுறைக் கட்டணம் ரூ. 1,000. மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, திரையில் ‘பிளாட்பார்ம் சர்வீஸ்’ என்ற குறிப்பு இருக்க வேண்டும், ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். இது எம்.எஸ்.ஓ.க்கள் மீதுள்ள விதி. உங்கள் சேனல் அவர்களுடைய பதிவுக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லைனில் நேரடியாக ஒரு மாடுலேட்டரை (படத்தைக் கேபிள் சிக்னலாக மாற்றும் கருவி) செருகி, என்கிரிப்ஷன் என்ற பூட்டு இல்லாமல் சேனல் விடுவது டிஜிட்டல் முறைக்கு முந்தைய பழக்கம், இன்று செல்லாது.

இனி உரிமை. ஆட்டத்துக்கென்று தனியாகப் பதிப்புரிமை இல்லை. மைதானத்துக்குள் கேமராவை விடுவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் போட்டியை நடத்துகிறவரிடம் இருக்கிறது, எடுத்த படத்துக்குத்தான் பதிப்புரிமை. அதனால் வாய்ச்சொல் போதாது. பதிப்புரிமை உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். விழாக் குழுவினரில் கையெழுத்திடும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். மாவட்டக் கபடி சங்கத்தின் அனுமதியோடு நடக்கும் போட்டி என்றால், அந்த அனுமதிக் கடிதத்தில் ஒளிபரப்பு உரிமையைச் சங்கம் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். பெரிய ஸ்பான்சர் ஒருவர் ஏற்கெனவே யூடியூப் உரிமையை வாங்கியிருப்பதும் நடக்கும். அப்போது உங்களிடம் கேபிள் வழி மட்டும்தான் மிஞ்சும்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருந்தால் போதும், ஆனால் வழி வழியாகப் பிரித்து எழுதுங்கள். நேரலை எந்தக் கேபிள் வலையமைப்பில், எந்த ஊர்களுக்கு. மறு ஒளிபரப்பு எத்தனை முறை. யூடியூபில் நேரலை மட்டுமா, பதிவாகவும் இருக்கலாமா. சிறு துணுக்குகளைப் பகிரலாமா. வேறு யாருக்கும் தரமாட்டோம் என்ற உறுதி உண்டா. காலத்தையும் இடத்தையும் எழுத மறந்தால் சட்டமே இட்டு நிரப்பிக்கொள்ளும், காலம் 5 ஆண்டு என்றும் இடம் இந்தியா முழுவதும் என்றும். இப்போது அது உங்களுக்குச் சாதகமாகத் தோன்றும். அடுத்த ஆண்டு புதுக் குழு வந்து சண்டை போடும்போது அதுவே வினையாகும். மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். கல்யாண வீடியோ எடுக்கும் குழுவைக் கேமராவுக்கு அமர்த்தினால், எடுத்த காட்சி முழுவதும் உங்களுடையது என்று அவர்களிடமும் தனியாக எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் மறுவாரம் அவர்கள் யூடியூப் சேனலில் உங்கள் இறுதி ஆட்டம் ஓடும்.

விளம்பரப் பேனர்களை முதல் நாளே நடந்து பாருங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரம் செய்வது 2025 மத்தியச் சட்டப்படி குற்றம், தமிழ்நாட்டுச் சட்டமும் அதைத் தடுக்கிறது. மது, புகையிலை விளம்பரத்துக்குக் கேபிள் விளம்பர விதியிலேயே இடமில்லை. அப்படி ஒரு பேனர் ஆடுகளத்தின் ஓரத்தில் கட்டியிருந்தால் ஒவ்வொரு ரெய்டிலும் அது உங்கள் படத்தில் வரும். குழுவிடம் சொல்லிக் கழற்றச் செய்யுங்கள். நீங்கள் போடும் விளம்பரங்கள் எல்லாம் சேர்ந்து மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

படம் வரும் வழியில் எங்கே கோளாறு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். பிரதான கேமராவை நடுக்கோட்டுக்கு நேரே, பக்கவாட்டில், 8 முதல் 10 அடி உயரத்தில் வைத்தால் இரண்டு கடைசிக் கோடும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். தரையில் வைத்தால் நடுவரின் முதுகுதான் தெரியும். இரண்டாவது கேமரா ஒரு மூலையில், போனஸ் கோட்டில் கால் விழுந்ததா என்று காட்ட. மைதானத்திலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு உங்கள் ஃபைபரில் காலியாக இருக்கும் ஒரு கோரை (இழையை) இழுத்துவிடுங்கள். மொபைல் டேட்டாவை நம்ப வேண்டாம். காலையில் சோதனை செய்யும்போது அருமையாகப் போகும், இரவு இறுதி ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் கூடி எல்லோரும் போனைத் தூக்கும்போது டவர் திணறிவிடும், படம் அங்கேயே உறைந்து நிற்கும். படத்தை டிஜிட்டல் சிக்னலாக்கும் என்கோடருக்கும் அதை ஃபைபரில் ஏற்றும் மீடியா கன்வெர்ட்டருக்கும் தனி யு.பி.எஸ். வேண்டும். ஒளி விளக்குக்கு ஓடும் ஜெனரேட்டரிலேயே இவற்றையும் மாட்டினால், அது ஒரு நொடி இருமினாலும் என்கோடர் திரும்ப எழுந்திருக்கச் சில நிமிடம் எடுக்கும்.

திரை கட்டும் விஷயம் சுருக்கமானது. ஒளிபரப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டுவது 37-ஆம் பிரிவு மீறல் என்று சட்டம் நேரடியாகவே சொல்கிறது. டிக்கெட் மட்டுமல்ல, நாற்காலி வாடகை, டோக்கன் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் கட்டணம் கட்டணம்தான். இலவசமாகக் காட்டினாலும் சிக்கல் முழுதாகத் தீராது. வீட்டு இணைப்பாக எடுத்த பாக்ஸை மைதானத்துக்குக் கொண்டுபோவது சந்தா நிபந்தனைக்கு வெளியே போவது, திரைக்குப் பக்கத்தில் ஸ்பான்சர் பேனர் வைத்தால் உரிமையாளர் கட்டாயம் கேள்வி கேட்பார். காட்டியே ஆகவேண்டும் என்றால் ஒளிபரப்பாளரிடம் எம்.எஸ்.ஓ. வழியாகச் சில வாரம் முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். காவல் நிலைய அனுமதி தனி, ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

கபடியில் ஒலி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பாதி ஆட்ட இடைவேளையில் மைக் செட்காரர் சினிமாப் பாட்டைப் போடுவார். கேமரா மைக்கில் அதையும் சேர்த்து எடுத்தால், பாட்டின் உரிமையாளர் பெயரில் யூடியூப் நேரலையையே நிறுத்திவிடக்கூடும், அதுவும் பெரும்பாலும் இரண்டாம் பாதி தொடங்கும் நேரத்தில். வர்ணனையாளரின் மைக்கிலிருந்து மிக்சர் வழியாகத் தனி லைன் எடுத்து அதையே ஒளிபரப்புக்கு அனுப்புங்கள். கூட்டத்தின் சத்தத்துக்கு ஆடுகளத்தின் ஓரத்தில் இன்னொரு மைக் வைத்து, பாட்டு தொடங்கியதும் அந்த மைக்கின் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) இறக்க ஒரு ஆளை உட்கார வைத்துவிடுங்கள்.